சியாங் மாய்ல உக்காந்து ரூபாய் கணக்கு

தாய்லாந்துல இருக்கிற சியாங் மாய்க்கு வந்து மூணு மாசம் ஆச்சு, வேலை எல்லாம் லேப்டாப்லதான், கிளையன்ட் டாலர்ல அனுப்புறாங்க, அது ரூபாயா மாறி நம்ம ஊர் அக்கவுன்ட்ல விழுது, அப்புறம் நான் அதை இங்க தாய்லாந்து காசான பாத்-ல எடுக்கணும். ரெண்டு தடவை மாறும்போதும் காசு கரையுது. இங்க ஏடிஎம்ல வெளிநாட்டு கார்டு போட்டா ஒவ்வொரு தடவையும் 220 பாத் புடிச்சாங்க, ஆயிரம் எடுத்தாலும் அதேதான் இருபதாயிரம் எடுத்தாலும் அதேதான், அதனால மாசத்துக்கு ஒரே தடவை மொத்தமா எடுத்துடுறேன். மெஷின் ரூபாய்ல கழிக்கட்டுமான்னு கேட்டா வேணாம்னு அமுக்குங்க ப்ளீஸ், அவங்க போடுற ரேட் ரொம்ப மோசம்.

நிஜமா பயந்தது ஓடிபி விஷயத்துலதான். ஊர் சிம்முக்கு ரீசார்ஜ் முடிஞ்சத கவனிக்கல, ஓடிபி வரல, ரெண்டு நாள் ஒரு பேமென்ட்டும் போகல, ரூம் வாடகை கட்டுற நாள் வேற. இப்போ ரெண்டு பேங்க் ரெண்டு கார்டு, ஒண்ணு பர்ஸ்ல, ஒண்ணு பெட்டி அடியில.

அப்புறம் வரி. பணம் வந்த அன்னைக்கே ஒரு பங்க தனி அக்கவுன்ட்டுக்கு தள்ளிடுறேன், வரவுல குறைஞ்சது பாதிய லாபமா காட்டுற நம்ம ஊர் சுலப முறைப்படி (44ஏடிஏன்னு சொல்லுவாங்க) கணக்கு காட்டுறதால, வருஷம் முடியறதுக்கு முன்னாடியே கட்டுற அட்வான்ஸ் டாக்ஸ் மார்ச் 15க்குள்ள ஒரே தவணைதான், அந்த அக்கவுன்ட்டுக்கு கார்டே வாங்கல.