கட்டணத்தை யார் தலையில் வைப்பது?
லண்டனில் இருக்கும் அக்கா மகள் நேற்று தன் கல்விக் கடன் கணக்கை அனுப்பியிருந்தாள். பல்கலைக்கழகத்தின் மூன்று வருடக் கட்டணம் மட்டும் 27,750 பவுண்டு, அதோடு சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் வாங்கியது, படிக்கும்போதே ஓடிய வட்டி, மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தும் மொத்தம் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது.

1998 வரை இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவர்களுக்குக் கட்டணமே இல்லை. அந்த வருடம் ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரை, 2006இல் 3,000 வரை, 2012இல் 9,000 வரை. அதே கையோடு பல்கலைக்கழகங்களுக்குப் பாடம் நடத்தத் தந்த மானியத்தையும் அரசு வெட்டியது.

ஜெர்மனியும் இதை முயன்று பார்த்த நாடுதான். சில மாநிலங்கள் செமஸ்டருக்கு 500 யூரோ வாங்கின, மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், ஒவ்வொன்றாகக் கைவிட்டு 2014இல் கடைசியாக லோயர் சாக்சனியும் நிறுத்தியது. இப்போது செலவு பெரும்பாலும் மாநிலங்களின் வரிப்பணம். வசதியில்லாத பிள்ளைகளுக்கான உதவித்தொகையிலும் பாதி மானியம், பாதி வட்டியில்லாக் கடன்.

சரி, இங்கிலாந்து அரசு செலவே செய்யவில்லையா? செய்கிறது. இவள் கடனில் மிச்சமிருப்பதை 30 வருடம் கழித்துத் தள்ளுபடி செய்யும். அதுவரை அந்தச் சுமையோடுதான் அவள் வீடு வாங்க யோசிக்கவேண்டும்.