சீழ் ஸ்வாப் முதல் எம்ஆர்எஸ்ஏ ரிப்போர்ட் வரை

சீழில் எம்ஆர்எஸ்ஏ (மெதிசிலின் மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா) இருக்கிறதா என்று லேபில் பார்க்கும் வழி இது. கட்டியைக் கீறி எடுத்த சீழ், முடிந்தால் சிரிஞ்சில் வரட்டும். ஸ்வாப்தான் (பஞ்சு சுற்றிய குச்சி) என்றால் இரண்டு வேண்டும். ஒன்று ஸ்மியருக்கு (ஸ்லைடில் பூசிப் பார்க்க), ஒன்று கல்ச்சருக்கு (கிருமியை வளர்க்க). ஆன்டிபயாட்டிக் தொடங்குமுன் எடுத்தால் கிருமி வளரும் வாய்ப்பு அதிகம்.

கிராம் சாயமேற்ற, ஸ்மியரை மெல்லியதாகப் பூசி, உலர்த்தி, சுடரில் காட்டியபின் கிரிஸ்டல் வயலட் 1 நிமிடம், அயோடின் 1 நிமிடம். அடுத்து வரும், நிறம் நீக்கும் அசிட்டோனில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. இரண்டு மூன்று விநாடியிலேயே கழுவிவிட வேண்டும். கூடுதலாக நின்றால் ஊதாக் கோளங்களும் (உருண்டைக் கிருமிகள்) வெளுத்து, கடைசியில் ஊற்றும் சிவப்புச் சாயமான சாஃப்ரனினில் சிவந்துவிடும். பூச்சு தடித்திருந்தால் நேர்மாறாக எல்லாமே ஊதாவாக நிற்கும். இதற்கு நாங்கள் பார்ப்பது சீழ் செல்களின் அணுக்கருவை. அது சிவப்பாக இருந்தால் நிறநீக்கம் சரி. ஊதாவாக இருந்தால் அந்த ஸ்லைடை ஒதுக்கிவிட்டு வேறொன்று போடுகிறோம்.

திராட்சைக் குலைபோலக் கொத்தாகத் தெரிந்தாலும் ஸ்மியர் ரிப்போர்ட்டில் 'ஸ்டெஃபிலோகாக்கஸ்' என்று எழுதுவதில்லை. 'கிராம் பாசிடிவ் கோளங்கள், கொத்தாக' என்பதோடு நிறுத்துகிறோம். அமைப்பை மட்டும் நம்ப முடியாது: சீழில் கொத்து உடைந்து இரட்டையாகவும் சிறு சங்கிலியாகவும் கிடக்கும்.

5% ஆட்டு ரத்தம் சேர்த்த பிளட் அகார் என்ற வளர்ப்புத் தட்டில், 37 டிகிரியில், மறுநாள் காலனி (கிருமித் திரள்) தெரியும். பொன்னிறத்தை எதிர்பார்க்காதீர்கள். வெள்ளையாக வளரும் ஆரியஸும் உண்டு. முதலில் கேட்டலேஸ் என்ற நொதிக்கான சோதனை: 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் உடனே நுரைத்தால் ஸ்டெஃபிலோகாக்கஸ் பக்கம், நுரைக்காவிட்டால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், என்டரோகாக்கஸ் பக்கம். காலனியோடு அகாரையும் சுரண்டிவிட்டால் சிவப்பணுவே நுரைக்கும். நிக்ரோம் லூப்பும் பொய் நுரை தரலாம், மரக்குச்சி போதும்.

அடுத்து, ஆரியஸைப் பிரித்தறியும் கோஅகுலேஸ் (பிளாஸ்மாவை உறைய வைக்கும் நொதி) சோதனையை அவசரப்படாமல் செய்ய வேண்டும். ஸ்லைடு சோதனையை மட்டும் வைத்து முடிவு சொல்லக்கூடாது, ஏனென்றால் ஸ்டெஃபிலோகாக்கஸ் லுக்டுனென்சிஸ் என்ற வேறு இனமும் அதில் திரளலாம். குழாய்ச் சோதனைக்கு 0.5 மில்லி முயல் பிளாஸ்மா. அது ஈடிடிஏ (உறையாமல் தடுக்கும் பொருள்) சேர்த்ததாக இருக்கட்டும். சிட்ரேட் பிளாஸ்மாவில் என்டரோகாக்கஸ் சிட்ரேட்டைத் தின்றுவிட்டால் கால்சியம் விடுபட்டுத் தானாகவே உறையும். 37 டிகிரியில் வைத்து 4 மணி நேரம் வரை அவ்வப்போது மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள், குலுக்க வேண்டாம். சில ஆரியஸ் வகைகள் ஸ்டெஃபிலோகைனேஸ் என்ற நொதியைச் சுரந்து, தாம் உறைய வைத்ததைத் தாமே கரைத்துவிடும். நேராக மறுநாள் காலையில் மட்டும் பார்ப்பவருக்கு அது நெகடிவ். 4 மணி நேரத்தில் உறையாத குழாயை அறை வெப்பநிலையில் இரவு முழுக்க வைத்துக் காலையில் இன்னொரு முறை பார்க்கிறோம்.

எம்ஆர்எஸ்ஏ கண்டுபிடிக்க 30 மைக்ரோகிராம் செஃபாக்சிடின் டிஸ்க் (மருந்து தோய்ந்த காகித வட்டு). 0.5 மெக்ஃபார்லண்ட் (அடர்த்தி அளவுகோல்) கிருமிக் கலங்கல், 4 மி.மீ. ஆழ முல்லர் ஹின்டன் அகார், 16 முதல் 18 மணி நேரம். இன்குபேட்டர் 35 டிகிரியைத் தாண்டினால் எதிர்ப்புக் குணம் மறைந்துவிடலாம். ஆரியஸுக்கு, டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் 22 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் மருந்து கேட்கும், 21 அல்லது அதற்குக் கீழ் என்றால் எம்ஆர்எஸ்ஏ. அப்படி வந்தபின், அதே குடும்ப மருந்தான செஃபலெக்சினுக்குத் தட்டில் எவ்வளவு பெரிய வளையம் தெரிந்தாலும் ரிப்போர்ட்டில் எதிர்ப்பு என்றே போடுகிறோம்.

எரித்ரோமைசின் டிஸ்க்கை கிளிண்டாமைசினுக்கு 15 முதல் 26 மி.மீ. தள்ளி வையுங்கள். கிளிண்டாமைசின் வளையம் எரித்ரோமைசின் பக்கம் தட்டையாகி ஆங்கில 'டி' (D) வடிவம் எடுத்தால், கிளிண்டாமைசினும் எதிர்ப்புப் பட்டியலுக்குப் போகும். வான்கோமைசினுக்கு டிஸ்க் வைப்பதே இல்லை. எம்ஐசி (கிருமி வளர்வதைத் தடுக்கும் மிகக் குறைந்த மருந்தளவு) பார்த்துத்தான் எழுதுகிறோம்.