புது பிளானும் அம்மாவின் இன்ஹேலரும்

அமெரிக்காவில் அப்பா அம்மாவுக்கு மெடிகேர் பார்ட் டி (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டின் மருந்துப் பகுதி) எடுத்து வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு.

பிரீமியம் ஏறிவிட்டதே என்று ஓப்பன் என்ரோல்மென்ட்டில் (வருஷா வருஷம் பிளான் மாற்றிக்கொள்ளும் காலத்தில்) அம்மாவை வேறு பிளானுக்கு மாற்றினோம். அதெல்லாம் சுலபமாகவே முடிந்தது. ஜனவரியில் பார்மசி கவுன்ட்டரில்தான் வினை. வருஷக்கணக்காக எடுத்துவரும் இன்ஹேலருக்கு, "பிரையர் ஆதரைசேஷன் வேணும், டாக்டர்கிட்ட பேசுங்க" என்று கையை விரித்தார்கள். அதாவது, பிளான் முன்கூட்டியே அனுமதி தந்தால்தான் மருந்து. வீட்டில் இருந்த இன்ஹேலரின் மீட்டர் 8 காட்டுகிறது. அம்மாவுக்குக் காலையில் இரண்டு பஃப், ராத்திரி இரண்டு. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

டாக்டர் ஆபீஸில் "ஃபேக்ஸ் அனுப்பியாச்சு" என்கிறார்கள். பிளான்காரர்கள் "எதுவும் வரலையே" என்கிறார்கள். பேசிய ஒருவர்கூட ட்ரான்ஸிஷன் ஃபில் (பிளான் மாறியவர்களுக்குத் தற்காலிகமாகத் தரும் மருந்து) என்று வாயைத் திறக்கவில்லை. கடைசியில் சொன்னது, மாநிலத்தில் இலவசமாக மெடிகேர் ஆலோசனை தரும் ஷிப் கவுன்சிலர்தான். புது பிளானில் சேர்ந்த முதல் 90 நாளுக்குள், ஏற்கெனவே எடுத்துவரும் மருந்து பிளானின் லிஸ்ட்டில் இல்லாவிட்டாலும், பிரையர் ஆதரைசேஷன், ஸ்டெப் தெரபி (முதலில் வேறு மருந்தை எடுத்துப் பார்க்கச் சொல்வது) என்று தடை போட்டிருந்தாலும், ஒரு மாத மருந்தை ஒருமுறை தந்தே ஆகவேண்டும். பழைய மருந்தா, புதிதாக ஆரம்பித்ததா என்று சிஸ்டத்துக்குத் தெரியாவிட்டால் பழையது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மறுபடி போனபோது கவுன்ட்டரில் இருந்த பெண், "அப்படி ஒண்ணும் காட்டலையே" என்றாள். நான் நகரவில்லை. பிளானின் பார்மசி ஹெல்ப் டெஸ்க்குக்கு நீங்களே போன் போடுங்கள் என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே போட்டாள், கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு கோட் நம்பரைத் தட்டினாள், கிளெய்ம் பாஸ்! கோபே (நம் பங்குத் தொகை) கட்டி வாங்கிவந்தேன்.

இதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு மாதம்தான் அவகாசம். பிளானிலிருந்து ஒரு கடிதம் வரும், பார்க்க விளம்பரத் தபால் மாதிரியே இருக்கும், குப்பையில் போட்டுவிட வேண்டாம். உடனே டாக்டரை எக்ஸெப்ஷன் (விதிவிலக்கு) கேட்கச் சொல்லுங்கள். லிஸ்ட்டில் உள்ள மாற்று மருந்துகள் ஏன் ஒத்துவரவில்லை என்று அவர் எழுதித் தந்தால், அது பிளானுக்குக் கிடைத்த 72 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும், அவசரமென்றால் 24. வீட்டில் நெபுலைசர் (மருந்தை ஆவியாக்கித் தரும் கருவி) வைத்து எடுக்கும் மருந்து பெரும்பாலும் மெடிகேரின் இன்னொரு பகுதியான பார்ட் பி-யில் வரும், அதை இதில் தேடாதீர்கள். நம் ஆபீஸ் இன்சூரன்ஸுக்கும் இந்த விதி கிடையாது.

அம்மாவுக்கு டிசம்பர் வரை எக்ஸெப்ஷன் கிடைத்துவிட்டது. அடுத்த வருஷமும் பிளான் மாற்றினால் இதே கூத்து முதலிலிருந்து.