ஊசல் ஆடி முடியும் வரை விடையைச் சொல்லாதீர்கள்

நல்ல அறிவியல் ஆசிரியரைக் கண்டுபிடிக்க, சோதனை தொடங்குவதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தைப் பார்த்தால் போதும். முடிவை முதலில் கரும்பலகையில் எழுதிவிட்டு, அதை மெய்ப்பிக்கவென்றே சோதனையைச் செய்து காட்டுபவர்கள் அதிகம். அப்புறம் மாணவர் எதைத்தான் பார்ப்பது? பிள்ளைகளை அறிவியலுக்குள் இழுக்கும் ஆசிரியர், "என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க? எழுதுங்க" என்பார். கைதூக்கச் சொன்னால் போதாது. முன்பெஞ்சைப் பார்த்துப் பாதிப்பேர் கைதூக்குவார்கள். எழுதிவிட்டால் அவரவர் கணிப்பு அவரவருக்கே.

கேள்வி கேட்ட பிறகு வாயை மூடிக்கொள்வதும் ஒரு திறமை. மேரி பட் ரோவ் என்ற கல்வி ஆய்வாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சுமார் ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். மூன்று விநாடி பொறுத்தாலே பதில்கள் நீளமாகவும் காரணத்தோடும் வந்தன.

இனி தனி ஊசலுக்கு, அதாவது நூலில் தொங்கி ஆடும் சிறு எடைக்கு வருவோம். செலவே இல்லாத சோதனை. ஆனால் இதைப்போல் வகுப்புக்கு வகுப்பு கெட்டுப்போகும் சோதனையும் குறைவு.

தையல் நூல், ஒரே அளவுள்ள நான்கு இரும்பு நட்டுகள், இரண்டு ஸ்கேல்கள், ஸ்டாப்வாட்ச் போதும். நைலான் நூல் இழுபடும், வேண்டாம். நூலைக் கையால் பிடித்தால் கையும் சேர்ந்து ஆடும். ஸ்கேல்களை ஒன்றன்மேல் ஒன்றாக மேசைக்கு வெளியே நீட்டி, இடையில் நூலைச் செருகி, முனையில் ரப்பர் பேண்டு போட்டு, மறுமுனையில் கனமான புத்தகங்களை வையுங்கள். நூலை இழுத்து நீளத்தை மாற்றுவதும் சுலபம். நீளம் என்பது ஸ்கேலின் அடிப்பக்கத்திலிருந்து நட்டின் நடுப்பகுதி வரை. முடிச்சோடு நிறுத்திவிடக் கூடாது.

25 சென்டிமீட்டர் நூலில் ஓர் அலைவுக்கு, அதாவது ஒருமுறை போய்த் திரும்பி வர, ஏறக்குறைய 1 விநாடி, 100 சென்டிமீட்டரில் 2 விநாடி. நீளம் நான்கு மடங்கானால் நேரமும் நான்கு மடங்காகும் என்றுதான் பெரும்பாலான கணிப்புத் தாள்களில் இருக்கும். இருக்கட்டும், திருத்தாதீர்கள்.

ஒரே அலைவை அளந்தால் பயனில்லை. கை பொத்தானை அழுத்துவதில் 0.2 விநாடி பிசகினாலே 20 சதவீதப் பிழை. 20 அலைவுகளை அளந்தால் அதே பிசகு 1 சதவீதமாகச் சுருங்கும். விட்ட கணத்திலேயே "ஒன்று" என்று எண்ணுவதுதான் எல்லா வகுப்பிலும் நடக்கும் தவறு. அப்படி எண்ணினால் 20 என்பது உண்மையில் 19 அலைவு. "மூன்று, இரண்டு, ஒன்று, பூஜ்ஜியம்" என்று சொல்லித் தொடங்கச் சொல்லுங்கள்.

தவறான விடையைப் பார்த்தே தவறு எங்கே என்று சொல்லிவிடலாம் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. நூலின் நீளத்தையும் அலைவு நேரத்தையும் வைத்து ஈர்ப்பு முடுக்கத்தை, அதாவது விழும் பொருளின் வேகம் விநாடிக்கு எத்தனை மீட்டர்/விநாடி கூடுகிறது என்பதை, கணக்கிடலாம். அது 9.8-க்குப் பதிலாக 10.9 அருகே வந்தால், பூஜ்ஜியத்திலிருந்து எண்ணவில்லை. 25 சென்டிமீட்டர் ஊசலில் 9.4 வந்தால், நீளத்தை 1 சென்டிமீட்டர் குறைத்து அளந்திருக்கிறார்கள். நன்றாகக் குறைந்திருந்தால், எவ்வளவு தூரம் இழுத்து விட்டார்கள் என்று கேளுங்கள். 60 டிகிரி வீச்சில் அலைவு நேரம் சுமார் 7 சதவீதம் கூடும். 10 டிகிரிக்குள் வைத்தால் இந்தத் தொல்லை கண்ணுக்கே தெரியாது. இதையெல்லாம் விட்டுவிட்டு, 9.8 வரும்வரை அழித்து எழுதச் சொல்வது அறிவியல் வகுப்பில் செய்யக்கூடிய பெரிய குற்றம்.

எடையின் சோதனையில் இன்னொரு கண்ணி இருக்கிறது. நான்கு நட்டுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டினால் ஊசல் மெதுவாகும். "எடை கூடினால் நேரம் கூடும்" என்று மாணவர் எழுதுவார். அவர் பார்த்தது நிஜம், சொன்ன காரணம்தான் தவறு. ஒவ்வொரு நட்டும் 1 சென்டிமீட்டர் உயரம் என்றால் நிறையின் மையம் 1.5 சென்டிமீட்டர் கீழே போயிருக்கும். 25 சென்டிமீட்டரில் அது 20 அலைவுக்கு 0.6 விநாடி வித்தியாசம். "வேறு எது மாறியிருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். பிறகு நான்கையும் ஒரே மட்டத்தில் கொத்தாகக் கட்டி அளந்தால் வித்தியாசம் மறைந்துவிடும்.

தட்டில் தண்ணீர் ஊற்றி, எரியும் மெழுகுவர்த்தியைக் கண்ணாடித் தம்ளரால் மூடும் சோதனையையும் இதே கண்ணோடு பார்க்கலாம். ஆக்சிஜன் தீர்ந்த இடத்தைத் தண்ணீர் நிரப்புகிறது என்ற விளக்கம் இன்னமும் ஓய்ந்தபாடில்லை. ஆக்சிஜன் முழுதும் தீருமுன்பே சுடர் அணைந்துவிடும். சூடேறி விரிந்த காற்று, அணைந்தபின் குளிர்ந்து சுருங்குவதே தண்ணீர் ஏறுவதற்கு முக்கியக் காரணம். அதனால்தான் சுடர் அணையும் நேரத்தில் மட்டம் சட்டென உயர்கிறது. அடுத்து, அதே தம்ளருக்குள் மூன்று மெழுகுவர்த்திகளை வையுங்கள், தண்ணீர் இன்னும் மேலே ஏறும். "உள்ளே ஆக்சிஜன் அதே அளவுதானே?" என்ற கேள்வி தானாக வரும். தண்ணீரில் கொஞ்சம் மை கலந்துவிடுங்கள், பின்பெஞ்சுக்கும் மட்டம் தெரிய வேண்டுமே.