போர்ட் 51820

மார்ச் 3

அவள் புறப்பட இன்னும் 9 நாட்கள் இருக்கின்றன. அதற்குள், அலமாரியில் இருக்கும் சிறு கணினியை அவள் எங்கிருந்தாலும் எட்டும்படி செய்துவிட வேண்டும். அப்பாவின் குரல் பதிவுகள் அனைத்தும் அதில்தான் இருக்கின்றன. வேறு எங்கும் ஏற்றி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மார்ச் 4

வெளியிலிருந்து வீட்டுக்குள் வரப் பாதுகாப்பான பாதை அமைக்கும் மென்பொருளான வயர்கார்டைக் கணினியில் நிறுவினேன். ரூட்டரின் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தில் வெளி போர்ட் 51820, உள் போர்ட் 51820, வயர்கார்டு பயன்படுத்தும் அனுப்பு முறையான யுடிபி, வீட்டுக்குள் கணினியின் முகவரியான 192.168.1.23 என்று நிரப்பிச் சேமித்தேன். வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இருப்பதால், வெளியிலிருந்து அழையாமல் வரும் பாக்கெட்டை, அதாவது தரவுத் துண்டை, யாரிடம் சேர்ப்பது என்று தெரியாமல் ரூட்டர் அதைக் கைவிட்டுவிடுகிறது. இந்த எண்ணுக்கு வருவதை இந்தக் கணினியிடம் கொடு என்று சொல்லிவைப்பதே இந்த ஒரு வரியின் வேலை. சொல்லிவைத்தேன். இணையவில்லை.

மார்ச் 5

கணினியை அணைத்துப் போட்டதும் அதன் முகவரி 192.168.1.31 ஆகிவிட்டது, விதியோ இன்னும் 23-ஐயே பார்த்துக்கொண்டிருந்தது. கணினியின் வன்பொருள் அடையாளமான மேக் முகவரியைக் கொடுத்து, வீட்டுக் கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபியில் 23-ஐ அதற்கே ஒதுக்கினேன். இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். இன்னும் இணையவில்லை.

மார்ச் 6

இரண்டு நாட்களாக வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே எங்கள் பொது முகவரியை அழைத்துச் சோதித்திருக்கிறேன். உள்ளேயிருந்து வெளியே போய்த் திரும்பி வரும் அந்தப் பாதையைப் பல ரூட்டர்கள் அனுமதிப்பதில்லை. இன்று ஃபோனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் முயன்றேன், பயனில்லை. போர்ட் திறந்திருக்கிறதா என்று சொல்லும் தளங்களையும் நம்ப முடியாது, ஏனெனில் அவற்றில் பெரும்பாலானவை டிசிபி என்ற வேறு அனுப்பு முறையை மட்டுமே சோதிக்கின்றன, வயர்கார்டோ சரியான சாவி இல்லாமல் வரும் எதற்கும் பதிலே சொல்லாது. கணினியின் ஃபயர்வாலையும் பார்த்தேன். அதில் தடை எதுவும் இல்லை.

மார்ச் 7

ரூட்டரைத் தொடவில்லை, ஒரு பதிவை மட்டும் கேட்டேன், அதில் பாதி இருமல்.

மார்ச் 8

ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி முகவரி 100.72 என்று தொடங்குகிறது. இணையத்தில் பார்த்தால் வேறொரு முகவரி தெரிகிறது. 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள், பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதற்காக, 2012-இல் சேவை நிறுவனங்களுக்கென்று ஒதுக்கப்பட்டவை. ஆகவே என் ரூட்டருக்கு மேலே இன்னொரு ரூட்டர் இருக்கிறது, அதில் எனக்கு எந்த அதிகாரமும் இல்லை, நான் எழுதிய விதியை வந்து தட்ட ஒரு பாக்கெட்டும் இதுவரை வரவே இல்லை. ஐபிவி4 என்ற இந்தப் பழைய முகவரி முறையில் சுமார் 430 கோடி முகவரிகளே உண்டு என்பதும், மையத் தொகுப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது என்பதும் எனக்குப் புரிகிறது. இணைப்பு கொடுத்த நாளிலேயே இதை என்னிடம் சொல்லாமல் விட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஐந்து நாட்கள் போய்விட்டன.

மார்ச் 9

பொது முகவரி கேட்டு விண்ணப்பித்தேன். 48 மணி நேரம் ஆகலாம் என்றார்கள். வெளியிலிருந்து வரும் எல்லாவற்றையும் ஒரே கருவிக்கு அனுப்பும் டிஎம்இசட்டில் கணினியைப் போட்டுவிடலாமே என்று நண்பர் சொன்னார். மேலே தடுத்து வைத்திருப்பதற்கு அது மருந்தாகாது என்பதோடு, ஒரு போர்ட் போதும் என்கிற இடத்தில் கணினி முழுவதையும் இணையத்தின் முன் நிறுத்த நான் சம்மதிக்க மாட்டேன்.

மார்ச் 10

100.72.

மார்ச் 10, இரவு

100.72. அவளுடைய பெட்டி கட்டியாகிவிட்டது.

மார்ச் 11

இரவு 11:20-க்கு இணைப்பு ஒருமுறை அறுந்து மீண்டது. முகவரி 100-இல் தொடங்கவில்லை. மொட்டை மாடிக்குப் போய், மொபைல் டேட்டாவில் இணைத்தேன். ஃபோனும் கணினியும் சாவிகளைச் சரிபார்த்து இணையும் ஹேண்ட்ஷேக் நடந்தது, பதிவு ஓடியது, அப்பா பேசினார். நான் எந்த விதியையும் மாற்றவில்லை. 4-ஆம் தேதி எழுதிய அதே வரிதான். இந்த முகவரியும் நிலையானது அல்ல என்பதால், அது மாறும்போதெல்லாம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் டைனமிக் டிஎன்எஸ் பெயர் ஒன்றை எடுத்து, அதையே அவளுடைய அமைப்பில் எழுதி, தூங்கிக்கொண்டிருந்தவளின் ஃபோனில் ஏற்றினேன்.

மார்ச் 12

வழியிலிருந்து ஒருமுறை இணைத்துப் பார்த்திருக்கிறாள். கடைசி ஹேண்ட்ஷேக் 6 மணி நேரத்துக்கு முன். விமானம் இன்னும் இறங்கவில்லை.