ஒரு தமிழ்ப் படிவத்துக்காகப் போன இரண்டு மாதம்

நேற்றுப் பின்னேரம்தான் அனுமதிக் கடிதம் கைக்கு வந்தது. முதியவர்கள் நிற்கும்போது உடல் எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்கும் இறுதியாண்டு ஆய்வு. ஒரு ஆளை அளவெடுக்க அரை மணி நேரம் போதும். ஆட்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளைச் சரிபார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு மூன்று மாதம் எடுத்தது. அதில் இரண்டு மாதம் வீண். கொழும்பில் இதே வேலையில் இறங்கப்போகிற பிள்ளைகள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

முன்மொழிவு, மேற்பார்வையாளரின் ஒப்பம், கட்டணம் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. தகவல் தாளும் சம்மதப் படிவமும் மூன்று மொழியிலும் வேண்டும். விண்ணப்பம் கொடுக்கும் கடைசி நாள் வெள்ளவத்தையில் பஸ் ஏறிக் குழுவின் அலுவலகத்துக்குப் போனேன். லிகிதர் கட்டைப் புரட்டிப் பார்த்தார். தமிழ்ப் படிவத்தின் அடியில் பதிப்பு இலக்கமும் திகதியும் இல்லையாம். பேனாவால் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன், அச்சில்தான் வேண்டும் என்றார். பக்கத்துக் கடையில் பிரின்ட் எடுத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் கவுண்டரை மூடிவிட்டார்கள். குழு மாதம் ஒருமுறைதான் கூடும். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேவிட்டேன். தயவுசெய்து கடைசி நாளில் போகாதீர்கள், போனாலும் காலையில் போங்கள்.

அடுத்த மாதம் தமிழ்ப் படிவத்தில் இரண்டு குறை சொல்லிக் குழுவே திருப்பி அனுப்பியது. முதலில் கோபம்தான் வந்தது. ஆறுதலாக வாசித்தபோது அவர்கள் சொன்னது சரி என்று தெரிந்தது.

ஆங்கிலத்தில் தலைச்சுற்றைப் பற்றி இருந்த கேள்வியைத் தமிழில் "மயக்கம் வந்ததுண்டா?" என்று போட்டிருந்தேன். வேறொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கியபோது, நினைவு தப்பி விழுவது என்று வந்துவிட்டது. இரண்டும் ஒன்றல்ல. அறையே சுழல்வதுபோல் இருந்தால் பெரும்பாலும் உட்காதைத்தான் பார்க்க வேண்டும். எழும்பும்போது கண் இருண்டால் இரத்த அழுத்தம் இறங்கியிருக்கலாம். நடையில் மட்டும் தள்ளாட்டம் என்றால் கால் நரம்பு, சிறுமூளை என்று யோசிக்க வேண்டும். ஒரு சொல் பிழைத்தால் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதே பிழைத்துவிடும்.

இரண்டாவது குறைதான் இன்னும் மனதைக் குத்துகிறது. எங்கள் சோதனையில் தடித்த ஸ்பொஞ் மெத்தையில் கண்ணை மூடிக்கொண்டு 30 செக்கன் நிற்க வேண்டும். கண்ணும் இல்லை, பாதத்திலிருந்து போகும் தகவலும் குழம்பிவிடும். அப்போது மூளை பெரும்பாலும் உட்காதை நம்பித்தான் உடம்பை நிமிர்த்தி வைத்திருக்கும். விழக்கூடிய இடமே அதுதான். பக்கத்தில் யார் நிற்பார்கள், வேண்டாம் என்றால் எப்படி நிறுத்தலாம் என்று சிங்களப் படிவத்தில் விளக்கமாக இருந்தது. தமிழில் நான் எழுதியது "அபாயம் மிகக் குறைவு" என்ற ஒரே வரி. எங்கள் ஆட்களுக்கே நான் குறைவாகச் சொல்லப் பார்த்திருக்கிறேன்.

அன்றிரவு அம்மம்மாவை இருத்தி, படிவம் முழுவதையும் சத்தமாக வாசித்தேன். "சமநிலைக் குறைபாடு", "புலன் உள்ளீடு" வந்த இடங்களில் கையைக் காட்டி நிறுத்தினார். "தலை சுத்துதோ, கண் இருட்டுதோ, நடக்கேக்கை தள்ளாடுதோ எண்டு கேளன் பிள்ளை, ஆருக்கும் விளங்கும்" என்றார். நான் ஒரு கேள்வியில் குழப்பியதை அவர் மூன்றாகப் பிரித்துத் தந்துவிட்டார். அந்த மூன்றையும் எழுத்து நடைக்கு மாற்றி அப்படியே போட்டேன். பாடப்புத்தகத் தமிழில் எழுதி வைத்திருப்பவர்கள், கொடுப்பதற்கு முன் வீட்டில் ஒரு முதியவருக்கு வாசித்துக் காட்டுங்கள். மூன்று மொழிப் படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள், பதிப்பு இலக்கம் உட்பட.

மூன்றாம் முறை தமிழ்ப் படிவத்தில் ஒரு திருத்தமும் சொல்லவில்லை. கடிதத்தை முதலில் அம்மம்மாவிடம்தான் காட்டினேன்.

சனிக்கிழமை கொட்டாஞ்சேனையிலிருந்து முதல் ஆள் வருகிறார். மெத்தைக்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்பார்கள்.