பக்கத் தோற்றம்: கத்தி படாத வழிகள்

ஜனவரி 8, 2025

மூக்கு பெரிதாக இருக்கிறது, குறைக்க வழி உண்டா என்று கேட்பவர்கள் அநேகமாக ஃபோனை நீட்டி ஒரு செல்ஃபியைத்தான் காட்டுகிறார்கள். அந்தப் படத்தை வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது. கமராவுக்குக் கிட்ட இருப்பது பெருத்துத் தெரியும். முகத்தில் மிகக் கிட்ட இருப்பது மூக்கு. 30 சென்ரிமீற்றரில் எடுத்த படத்தில் மூக்கின் அகலம், 1.5 மீற்றரில் எடுத்ததைவிட ஏறக்குறைய 30 வீதம் கூடித் தெரியும் என்று 2018 இல் அமெரிக்க முக அறுவை மருத்துவர்கள் கணக்கிட்டு வெளியிட்டார்கள்.

படம் இப்படி எடுக்க வேண்டும். இன்னொருவர் ஒன்றரை மீற்றர் தள்ளி நின்று, ஃபோனை மூக்கு மட்டத்தில் பிடித்து, இரண்டு மடங்கு சூம் வைக்கட்டும். காதுத் துவாரத்தின் மேல்விளிம்பும் கண்குழியின் கீழ்விளிம்பும் ஒரே கிடைக்கோட்டில் வரவேண்டும். பின்பற்கள் இலேசாகத் தொட்டிருக்க, உதடு தளர்ந்திருக்கட்டும். உதட்டை இறுக்கி மூடினால் நாடியின் உருவமே மாறிவிடும். முடியைக் காதுக்குப் பின்னே ஒதுக்கி, மஃப்ளரைக் கழற்றச் சொல்லுங்கள். தை மாதக் குளிரில் இலங்கை மலைநாட்டின் நுவரெலியாப் பக்கத்து ஆட்கள் தோளை உயர்த்திக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டுதான் நிற்பார்கள். அந்த நிலையில் எடுத்தால் ஒல்லியான ஆளுக்கும் இரட்டை நாடி தெரியும்.

ஜனவரி 11

படம் கிடைத்தபின் அளவு. அடிமட்டமும் பென்சிலும் போதும்.

மூக்கு நுனியிலிருந்து நாடியின் முன்முனைக்கு ஒரு கோடு. அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் ரிக்கெட்ஸ் வகுத்த கோடு இது. வெள்ளையரிடம் மேலுதடு இதற்கு 4 மில்லிமீற்றரும் கீழுதடு 2 மில்லிமீற்றரும் பின்னால் இருக்கும் என்பது அவர் கணக்கு. நம்மவர்களுக்கு உதடு கோட்டைத் தொடுவதும் சற்றே தாண்டுவதும் இயல்பு. வெள்ளையர் அளவை நம் பிள்ளைகள் முகத்தில் வைத்து, இல்லாத குறையைக் கண்டுபிடிக்கக் கூடாது.

அடுத்து, கீழுதட்டின் சிவப்பு விளிம்பிலிருந்து நேர் கீழே ஒரு செங்குத்துக் கோடு. ஆண்களுக்கு நாடி அதைத் தொட வேண்டும். பெண்களுக்கு ஓரிரு மில்லிமீற்றர் உள்ளே இருந்தால் நல்லது. பிறகு மூக்கடிக்கும் மேலுதட்டுக்கும் இடையிலுள்ள கோணம்: 90 முதல் 110 பாகைக்குள் இருந்தால் அதை விட்டுவிடலாம்.

மூக்கைப் பற்றிக் கேட்டு வருபவர்களின் படத்தில் இக்கோடுகளைப் போட்டால், நாடி உள்ளே போயிருப்பதும் பல் வெளியே வந்திருப்பதும்தான் திரும்பத் திரும்பத் தெரிய வருகிறது. நாடி உள்ளே போனால் எந்த மூக்கும் பெரிதுதான். ஆகவே மூக்கை விட்டு அதற்குக் கீழே பார்க்க வேண்டும்: முதலில் பல், பிறகு நாடி, பிறகு கழுத்து. ஊசி கடைசி.

ஜனவரி 29

வளரும் பிள்ளைகளுக்கு மட்டும் திறந்திருக்கும் வாசல் ஒன்று உண்டு. கீழ்த்தாடை பின்தங்கி மேற்பல் எத்தி நிற்கும் பிள்ளைக்கு 'ட்வின் பிளொக்' என்ற இரட்டைத் தட்டு. ஸ்கொட்லாந்தின் வில்லியம் கிளார்க் 1970களின் பிற்பகுதியில் உருவாக்கியது. மேலும் கீழுமாக இரண்டு அக்ரிலிக் தட்டுகள், 70 பாகைச் சரிவில் ஒன்றோடொன்று பொருந்தும். வாயை மூடும்போதெல்லாம் கீழ்த்தாடை முன்னே வந்துதான் மூட முடியும். பெண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 10 முதல் 13 வயது, ஆண்பிள்ளைகளுக்கு 11 முதல் 14. உயரம் வேகமாகக் கூடும் காலத்தோடு சேர்ந்தால் பலன் கூட. 9 முதல் 12 மாதம், சாப்பிடும்போதும் போட்டிருக்க வேண்டும். எத்து குறைவதில் பெரும்பங்கு பல் நகர்வால் வருவது, எலும்பின் பங்கு சிறியது என்பதைப் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கெடுவது எங்கே? சாப்பிடும்போது கழற்றிக் கடதாசியில் சுற்றி வைக்கிறார்கள், அது குப்பையோடு போகிறது. அல்லது கொதிநீரில் கழுவுகிறார்கள். குளிர்ப் பிரதேசத்தில் கேத்தல் எப்போதும் அடுப்பில் இருப்பதால் இது அடிக்கடி நடக்கும். அக்ரிலிக் நெளிந்துவிட்டால் கொக்கி பல்லில் பிடிக்காது, புதிதாகத்தான் செய்ய வேண்டும். பச்சைத் தண்ணீர், மென்மையான பிரஷ், சவர்க்காரம், வேறெதுவும் வேண்டாம்.

கீழ்த்தாடை முன்வந்து மேல்தாடை குறுகிய பிள்ளைக்கு முகத்தில் மாட்டும் சட்டம். 10 வயதுக்கு முன்னர் தொடங்க வேண்டும். பக்கத்துக்கு 300 முதல் 500 கிராம் இழுவிசை, ரப்பர் வளையம் பற்கள் கடிக்கும் தளத்துக்கு 30 பாகை கீழ்நோக்கி, நாளுக்கு 12 முதல் 14 மணித்தியாலம். நாடித் தட்டுக்கு அடியில் ஒரு மடிப்பு கோஸ் துணி வைத்தால் தோல் புண்ணாகாது.

அச்சு எடுப்பவர்களுக்கு ஒன்று: மலைநாட்டுக் காலையில் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் அல்ஜினேற் என்ற அச்சுப் பசை இறுகத் தாமதமாகும், பிள்ளை குமட்டும், அச்சு இழுபட்டுக் கெடும். 21 முதல் 23 பாகை செல்சியஸ் தண்ணீர் கலந்து, பிள்ளையை முன்னே குனியச் சொல்லி, தட்டின் பின்விளிம்பில் குறைவாகப் பசை வையுங்கள்.

வாயால் மூச்சு விடும் பிள்ளையை முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மூக்கு அடைத்திருக்கும்வரை தட்டு போட்டும் உதடு மூடாது.

பெப்ரவரி 9

நாக்கை அண்ணத்தில் ஒட்டி வைத்தால் தாடை முன்னே வரும் என்ற பயிற்சி ஃபோன் வைத்திருக்கும் எல்லா இளைஞருக்கும் தெரிந்திருக்கிறது. வளர்ந்தவர்களின் எலும்பு அதனால் நகரும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. ரப்பர் பந்தைக் கடிக்கும் பயிற்சி அதைவிட மோசம். கன்னத்துத் தசை பெருத்து முகம் அகலமாகும், தாடை மூட்டு வலிக்கும், நாடி இருந்த இடத்திலேயே இருக்கும்.

பெப்ரவரி 20

பெரியவர்களின் எத்துப்பல். மேலும் கீழும் பல் முன்தள்ளி, உதட்டை மூட நாடியைச் சுருக்க வேண்டியிருக்கிறதென்றால், நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்துக் கம்பி போடுவதுதான் பக்கத் தோற்றத்தை மிகவும் மாற்றும் கத்தியில்லா வழி. ஒரு பல்லுக்கு ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் இடம் கிடைக்கும். அந்த இடத்தைக் கடைவாய்ப்பல் முன்னே வந்து தின்றுவிடாமல் ஈறெலும்பில் சிறு திருகாணி போட்டு நங்கூரம் பிடிப்பார்கள். ஒன்றரை முதல் இரண்டரை வருடம் ஆகும். பல் பின்போகும் அளவு முழுவதும் உதடு போகாது. பாதிக்குச் சற்று மேலே என்று எதிர்பார்க்கலாம்.

தவறு நடப்பது ஆளைத் தெரிவதில். ஏற்கனவே நாடி உள்ளடங்கி மூக்கு நீண்டவருக்குப் பல்லை அளவுக்கு மீறிப் பின்னிழுத்தால் உதடு தட்டையாகி மூக்கு இன்னும் துருத்தும், முகம் வயதாகித் தெரியும். மூக்கு நுனியிலிருந்து நாடிக்கு வரும் அந்த முதல் கோட்டைப் போட்டுப் பார்த்திருந்தால் அது தெரிந்திருக்கும். முடிந்தபின் பல்லை இடத்தில் பிடித்துவைக்கும் ரிட்டெய்னரை விட்டால் பல் திரும்பி வரும்.

மார்ச் 5

பொக்கை வாயைப் பற்றித்தான் நிறைய எழுத வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் 50 வயதிலேயே பல் முழுதும் போனவர்கள் இருக்கிறார்கள். பல் போனால் உதட்டுக்குத் தாங்கல் இல்லை, மேலுதடு உள்ளே விழும். தாடை அதிகம் மூடிக்கொள்வதால் நாடி மேலேறி மூக்கை நோக்கி வரும். அந்த முகத்துக்கு ஒழுங்கான கட்டுப்பல் செய்யும் மாற்றத்தை எந்த ஊசியாலும் செய்ய முடியாது. அதைப் பலர் அழகுக் கணக்கில் சேர்ப்பதேயில்லை. மிகப் பெரிய தவறு அது.

கட்டுப்பல்லுக்கு மூக்குக்கும் நாடிக்கும் இடையிலுள்ள உயரம் பிடிப்பதுதான் உயிர்நாடி. மூக்கு நுனியில் ஒரு புள்ளி, நாடியில் ஒரு புள்ளி. நிமிர்ந்து உட்காரவைத்து, தலை சாயாமல், 'ம்ம்' என்று சொல்லி உதட்டைத் தளர விடச் சொல்லுங்கள். இரு புள்ளிக்கும் நடுவிலுள்ள தூரத்தை மூன்று முறை அளந்து, ஒத்து வருவதை எடுங்கள். அதிலிருந்து 2 முதல் 4 மில்லிமீற்றர் கழித்தால் பல் கடிக்கும்போதுள்ள உயரம். கழிக்காமல் விட்டால் பேசும்போது பல் டக் டக் என்று மோதும், ஈறு நோகும், உதடு மூடாது, ஒரு கிழமையில் அலுமாரிக்குள் போய்விடும். அதிகம் கழித்தால் நாடி முன்னே வந்து, கடைவாயோரம் எச்சில் ஊறி வெடிக்கும்.

முன்பற்களை எங்கே வைப்பது? மேல் ஈறெலும்பு தேயும்போது உள்ளே சுருங்கும். அந்த எலும்பின் மேலேயே பல் அடுக்கினால் உதடு விழுந்தபடியே இருக்கும். அண்ணத்தின் முன்பக்கமுள்ள சிறு முகட்டிலிருந்து 8 முதல் 10 மில்லிமீற்றர் முன்னே முன்பல்லின் வெளிமுகம் வரவேண்டும். பல் அடுக்குமுன் வாயில் வைத்துப் பார்க்கும் மெழுகுக் கட்டையிலேயே பக்கவாட்டில் நின்று பார்த்து, மூக்கடிக் கோணம் சரியாகும்வரை சீவுங்கள், சேருங்கள். குளிரில் மெழுகு பட்டென்று உடையும்; இளஞ்சூட்டுத் தண்ணீரில் தோய்த்துத்தான் வளைக்க வேண்டும். சுருக்கம் மறையட்டும் என்று உதட்டடியில் அக்ரிலிக்கைத் தடிப்பாக விடுபவர்கள் உண்டு. உதடு வீங்கினாற்போல் தெரியும், சிரிக்கும்போது தட்டு கழன்று விழும்.

கீழ் எலும்பு மேலெலும்பைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு தேய்கிறது. அதனால் பத்து வருடம் பழைய செட் போட்டவரின் நாடி மறுபடி முன்னே வந்திருக்கும். இழந்த உயரம் முழுவதையும் ஒரே நாளில் கூட்டக் கூடாது. பழைய பல்லின் மேல் 2 மில்லிமீற்றர் அக்ரிலிக் சேர்த்துச் சில கிழமை பழகவிட்டுப் புதியதைச் செய்ய வேண்டும்.

வெற்றிலை பாக்கு நெடுங்காலம் போட்டவர்களுக்கு வாய் திறப்பை முதலில் பாருங்கள். மூன்று விரல் செங்குத்தாக நுழைய வேண்டும். இரண்டுதான் நுழைகிறது, கன்னத்துள்ளே வெள்ளையாக நார்போல் இறுகியிருக்கிறது என்றால் அது பாக்கால் வரும் நோய், புற்றாகத் திரும்பக் கூடியது. கட்டுப்பல்லை நிறுத்திவைத்து உடனே வாய் நோய்ப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

மார்ச் 22

நாடிக்கு ஃபில்லர், அதாவது ஊசியால் உள்ளே நிரப்பும் பசை. ஹைலூரோனிக் அமிலம், அதிலும் அழுத்தினால் நெகிழாத கெட்டி வகை. 1 முதல் 2 மில்லிலீற்றர் போதும், ஓரிரு மில்லிமீற்றர் முதல் நாலைந்து வரை முன்தள்ளும். நிலைப்பது ஏறத்தாழ ஒரு வருடம். நடுக்கோட்டில் எலும்பைத் தொடும்வரை ஊசியை இறக்கி, இரத்தம் வருகிறதா என்று பின்னிழுத்துப் பார்த்து, மெதுவாக, ஒரு இடத்தில் கொஞ்சமாக. இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லுக்கு நேர் கீழே எலும்புத் துவாரம் வழியாக நரம்பும் இரத்தக்குழாயும் வெளிவருகின்றன. அங்கே போகக் கூடாது.

நாடித்தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரிச் சுருங்குகிறதென்றால் தசை இழுக்கிறது. அதை முதலில் பொட்டுலினம் ஊசியால் தளர்த்த வேண்டும், மொத்தம் 4 முதல் 8 அலகு, நடுக்கோட்டை ஒட்டித் தாழ்வாக. மேலேயோ பக்கத்திலோ போனால் கீழுதடு மூன்று மாதம் கோணலாகும். ஒரு கம்பனியின் அலகு இன்னொரு கம்பனியின் அலகுக்குச் சமமல்ல. மருந்து 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும்; மண்சரிவால் கரண்ட் போய்ப் பல மணி கழித்து வரும் ஊரில் குளிர்சாதனப் பெட்டிக்குள் வெப்பமானி இல்லாத இடத்தில் இதைப் போடக் கூடாது.

மூக்குக்கு ஃபில்லர் வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. மூக்கின் இரத்தக்குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு தொடர்புள்ளவை. ஃபில்லர் தவறி உள்ளே போனால் கண் போகும். விழித்திரை தாக்குப்பிடிப்பது நிமிடக் கணக்கில். ஒன்றரை மணித்தியாலத்துக்குமேல் நம்பிக்கை இல்லை. ஹட்டனிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ கண்டிக்கு இறங்க அதைவிடக் கூட நேரம் போகும். அமெரிக்காவிலும் மூக்குக்கென்று எந்த ஃபில்லரும் அனுமதி பெறவில்லை.

மார்ச் 24

முந்தைய குறிப்போடு சேர்க்க வேண்டியது. ஃபில்லர் குழாயை அடைத்தால் கரைக்கும் மருந்து ஹைலூரோனிடேஸ். அது அறையில் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தோல் திடீரென வெளுப்பது, வலைபோல் ஊதா நிறம் படர்வது, அழுத்தி விட்டால் 3 செக்கனுக்குள் சிவப்புத் திரும்பாதது: உடனே அந்த இடம் முழுக்க நூற்றுக்கணக்கான அலகு, தேவைப்பட்டால் ஒவ்வொரு மணித்தியாலமும் மறுபடி.

இங்கே மலையகத்துக்கே உரிய ஒரு கேள்வி இருக்கிறது. குளவி கொட்டி மூச்சுத் திணறல், உடல் முழுக்கத் தடிப்பு வந்ததுண்டா? கொழுந்து எடுப்பவர்களிடம் கட்டாயம் கேட்க வேண்டும். குளவி, தேனீ நஞ்சிலும் அதே நொதியம் உண்டு. அவர்களுக்கு இந்த மருந்தே கடும் ஒவ்வாமை தரலாம். கரைக்க முடியாதவருக்கு ஃபில்லர் போடாமல் விடுவதே சரி.

பெட்டியில் பெயரும் பதிவும் இருக்கிறதா, தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதி உண்டா, போடுபவர் பதிவு பெற்ற மருத்துவரா என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. சலூனில் தரும் திரவ சிலிக்கோனைக் கரைக்க மருந்தே இல்லை.

ஏப்ரல் 6

சித்திரைக்குப் பிறகு கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு: பொட்டுலினம் இரண்டு கிழமைக்கு முன், ஃபில்லர் ஒரு மாதத்துக்கு முன். கடைசிக் கிழமையில் எதுவும் வேண்டாம். மாப்பிள்ளைக்கு நாடி குறைவென்றால் தாடிதான் நல்ல வழி: நாடி முனையில் ஒரு சென்ரிமீற்றர் விட்டு, பக்கங்களைக் குறுக வெட்டி, கழுத்துக் கோட்டைக் குரல்வளை முகட்டுக்கு இரண்டு விரல் மேலே நிறுத்த வேண்டும். கழுத்துக் கோட்டை நாடி விளிம்புக்கு ஏற்றினால் இரட்டை நாடி காட்டிக்கொடுக்கும்.

ஏப்ரல் 27

நாடிக்கடியில் சதை. ஊசிக்கு முன் விழுங்கச் சொல்லித் தொட்டுப் பாருங்கள்; விழுங்கும்போது மேலேறும் வீக்கம் தைரொயிட். கிள்ளினால் விரலுக்குள் வரும் கொழுப்புக்குத்தான் அதைக் கரைக்கும் டிஒக்ஸிகோலிக் அமில ஊசி: ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில் புள்ளிக்கு 0.2 மில்லிலீற்றர், ஒரு தடவைக்கு 50 புள்ளிக்கு மேற்படாமல், மாதத்துக்கு ஒரு முறை, ஆகக் கூடியது 6 முறை. தாடை விளிம்பை ஒட்டிப் போட்டால் உதட்டோர நரம்பு தளர்ந்து சிரிப்பு கோணும். ஒரு கிழமைக்கு மேல் வீக்கம் இருக்கும்.

மே 7

வளர்ந்தவருக்கு மேல் முன்பல்லும் கீழ் முன்பல்லும் முன்பின்னாக 10 மில்லிமீற்றருக்கு மேல் விலகியிருந்தால், முகம் ஒரு பக்கம் கோணியிருந்தால், குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் ஃபில்லரால் மூடிமறைக்காதீர்கள். பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். பல் சீரமைப்பும் முகத் தாடை அறுவையும் அங்கே ஒரே இடத்தில் இலவசமாக உண்டு. போகும்போது மேலே சொன்னபடி எடுத்த இரண்டு பக்கப் படமும் ஒரு நேர்ப் படமும், பழைய தட்டு இருந்தால் ஈரத்துணியில் சுற்றி டப்பாவிலும், குடிக்கும் மருந்துகளின் பெயரும், கிளினிக் கொப்பியும் கொண்டுபோக வேண்டும். சிறு பிள்ளையென்றால் பெற்றோரில் ஒருவரின் பக்கப் படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தாடை வளரும் திசையைக் கணிக்க அது உதவும்.